கெசியாவுக்குச் சர்க்கரை

இனி செத்தாலும் அந்த மைதானத்துப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

காரணம் உண்டு. பாளையங்கோட்டை மைதானத்தைச் சுற்றிச் சுற்றியே தொப்பையைக் கரைத்தவன் நான். கரைத்த கையோடு, நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் புத்தியும் சொன்னேன். அப்புறம் பாபநாசம் அருவியில், மெலிந்த உடம்பை நாலு பேர் பார்க்கட்டுமே என்று சட்டையைக் கழற்றிப் பாறைமேல் நின்றேன். வழுக்கியது. உடைந்தது கால், கட்டிலில் கிடந்த மாதங்களில் திரும்பி வந்தது முழுத் தொப்பை. பார்க்க வந்த சொந்தமெல்லாம் வெல்லப்பாகில் செய்த முந்திரிக்கொத்தோடு வந்தது.

கட்டுப் பிரித்தபின் ஒருநாள் மைதானத்துக்குப் போனேன். என்னிடம் அதிகம் புத்தி கேட்ட நேசையா கூட்டத்தோடு நின்றார்.

"என்ன வே எஸ்றா, போன தொப்பை விலாசம் விசாரிச்சு வந்துட்டு போல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். மறுபடி முதலிலிருந்தா? நினைத்தாலே மூச்சு முட்டியது.

டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு, "நடந்தே ஆகணும்" என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் என் மனைவி கெசியா வாசலிலேயே மறித்தாள்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"ஒரு வருஷத்துக்கு நடக்கவே கூடாதாம்."

"அப்படியா சொன்னாரு?"

"எலும்பு இன்னும் சரியா சேரலையாம்."

"சரி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே ஒருநாள் முகம் செத்துப்போய் வந்தாள்.

"தலைசுத்துன்னு உங்க டாக்டர்ட்டயே போனேன். சர்க்கரையாம். விடிய எந்திச்சு நடக்கணுமாம். மைதானத்துல நாய் கெடக்கு, துணைக்கு வாங்க."

"எனக்குத்தான் நடக்கக் கூடாதே!"

"நீங்க எதுக்கு நடக்கணும்? நடக்கது நான். நீங்க பின்னால பைய வாங்க."

பின்னால் வருவது நடையில் சேராதா என்று கேட்டால், டாக்டரையே கேட்போம் என்பாள்; என் பொய் அவிழும். செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

அவள் முன்னால், நான் பின்னால். அந்த முதுகைப் பார்த்தபடியே நடப்பேன். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? என் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாதே. நேசையாவும் கேலியை நிறுத்திவிட்டார். "தங்கச்சிக்கு எப்படி இருக்கு வே?" என்று தணிந்த குரலில் கேட்டார். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

வீட்டிலும் அவளுக்குக் கேப்பைக் களி. அவள் முன்னால் உட்கார்ந்து நான் பூரி தின்பதா? எனக்கும் களி. முந்திரிக்கொத்தை அண்டைவீட்டுக்குக் கொடுத்தேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. கவலை ஆளை அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சர்ச்சில் அசனப் பண்டிகை வந்தது. ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டது. பக்கத்தில் கெசியா, இலையில் சோற்றை மலையாகக் குவித்து, ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிப் பிசைந்தாள். நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"ஏட்டி, என்ன செய்யுத? சர்க்கரையை வச்சுக்கிட்டு!"

"கையை விடுங்க. எல்லாரும் பாக்காவ."

"செத்துப் போவ, கெசியா!"

என் குரல் உடைந்துவிட்டது. அவள் பிசைவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு ஒண்ணும் இல்ல. குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்போ டாக்டர்?"

"எனக்கு ஒண்ணுமே பாக்கல அவரு."

கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு போயிற்று. இவள் இருப்பாள். என் சட்டைகள் எனக்குக் கிடைக்கும். சந்தோஷத்தில் பசி பற்றிக்கொண்டது. பரிமாறிக்கொண்டு வந்த நேசையாவைப் பார்த்து இலையை முன்னால் இழுத்தேன்.

"சோறு போடும் வே! நல்லாப் போடும்!"

கெசியா என் இலைமேல் கையை விரித்து மறித்தாள்.

"அவியளுக்குப் போடாதிய அண்ணாச்சி."

"ஏன்? சர்க்கரைதான் பொய்யாச்சே!"

"பொய்யில்ல. ஆளைத்தான் மாத்திச் சொன்னேன்."