லாரி ஏறாத புடலங்காய்

பந்தலில் நேற்றுவரை தொங்கிய புடலங்காயைக் காணோம். வளையாமல் நீளட்டும் என்று சிவப்பு நூலில் பத்மஜா கட்டியிருந்த கல் மட்டும் மொட்டை மாடித் தரையில் கிடந்தது.

"சேட்டா! இன்னைக்கும் போச்சு!"

கீழே பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் சசிதரன் நுரையோடு சொன்னார். "அணிலாத்தான் இருக்கும்."

"எந்த அணில் நூலை அறுத்துட்டுக் காயை மட்டும் தூக்கிட்டுப் போகும்?"

"திருச்சூர் அணில்மா. படிச்சது."

பத்மஜாவுக்கு அழுகையே வந்தது. காலனி சங்கத்தின் செயலாளர் அவள். இந்த ஓண விருந்தில் லாரியில் வந்த காய் ஒன்றுகூட இலையில் விழக்கூடாது, அவரவர் மாடியில் காய்த்ததைத்தான் சமைக்க வேண்டும், தன் வீட்டிலேயே அது தவறினால் பதவியை விட்டுவிடுகிறேன் என்று மைக்கில் முழங்கியவள். சசிதரனின் உயிரான ஆப்பிளைக்கூட, கப்பலில் வருகிறது என்று வீட்டுப் படி ஏறவிடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், ரோஸிலியைத் தவிர. பதவி காலியானால் அடுத்து உட்காரப்போவது ரோஸிலிதான்.

பத்மஜா வலை கட்டினாள். அணில் மாட்டவில்லை, அவள் கால்தான் மாட்டியது. விழுந்த வேகத்தில் பாகல் கொடி முழுதும் கையோடு வந்துவிட்டது. வேப்பெண்ணெய் தெளித்தாள். அவரைக்கொடி கருகியது. கடைசியில் கணவரையே காவலுக்கு வைத்தாள். விடியற்காலையில் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே நடக்கப் போய்விடுவார். திரும்பியதும் பசியில்லை என்பார். காவல் போட்ட பிறகு காய் இன்னும் வேகமாகக் குறைந்தது.

"நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?"

"கண்ணை இமைக்கலடீ!"

விருந்துக்கு முதல் நாள் பந்தலில் வெறும் இலைதான் மிச்சம். பக்கத்துக் கடையில் வாங்கினால் வீடு வந்து சேர்வதற்குள் ரோஸிலிக்குத் தெரிந்துவிடும். ஆட்டோ பிடித்து ஒல்லூர்வரை போய், முன்பின் தெரியாத வறீதின் கடையில் புடலங்காய் வாங்கினாள். நறுக்கும்போது ஒரு காயின் நுனியில் சிவப்பு நூல். எல்லா ஊரிலும் இப்படித்தான் கட்டுவார்கள் போல என்று அறுத்து எறிந்தாள்.

மறுநாள் சங்கக் கூடத்தில் பத்மஜாவின் அவியலை ரோஸிலியே இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

"கடைக்காய்க்கு இந்த ருசி வருமா?" என்றார் தலைவர். பத்மஜா குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.

அடுத்த பந்திக்கான வாழையிலைக் கட்டோடு ஒருவர் உள்ளே வந்தார். வறீது! இலைக்குச் சொல்லிவைக்கும் பொறுப்பு சசிதரனுடையது.

"அட, சேச்சி! நேத்து நம்ம கடையில வாங்கின புடலங்காய் எப்படி இருந்துச்சு?"

ரோஸிலி எச்சில் கையோடு எழுந்தாள். "கடைக்காயா! அப்ப லாரியில வந்தது! சங்கத்துச் சாவியை எப்ப குடுக்குறீங்க?"

பத்மஜா இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள்.

வறீதுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் காயைப் பார்த்தா லாரிங்கிறீங்க? அதோ, பாயச உருளிக்குப் பின்னால ஒளியுறாரே, அந்தச் சேட்டன் தன் வீட்டு மாடியில பறிச்சு, தினம் காலையில கொண்டுவந்து குடுத்துட்டு, பதிலுக்குக் கப்பல் ஆப்பிள் தின்னுட்டுப் போறாரும்மா!"