முன் சக்கரத்துச் சங்கிலி

கூட்டமுண்ட்ரா
செவ்வாய்க்கிழமை, கடை திறக்கும் முன்

அன்புத் தங்கை லோர்னாவுக்கு அண்ணன் டெஸ் எழுதுவது. நானும் கடையும் நலம். இடது முழங்காலைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பண்டபெர்க் வெயிலில் காலுறைகூடப் போடாமல் நடமாடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அது எவ்வளவு பெரிய சுகம் என்று இந்த மூன்று நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெண், உன் மருமகள் பிரான்வின், ரோரி என்பவனைக் கட்டிக்கொண்டு ஜிண்டபைனுக்கே குடிபோகப் போகிறாளாம். அவனுக்கு மேலே பனிமலையில், சறுக்க வருகிற ஜனங்களை உச்சிக்குத் தூக்கிப் போகும் கம்பிவட நாற்காலிகளைப் பழுது பார்க்கிற வேலை. அவள் போய்விட்டால் இந்த டயர் கடையில் நான் ஒருவன்தான். இதைச் சொன்னதற்கு அவள், "மன்னர் பொறந்தநாள் லீவுக்கு மூணு நாள் வந்து பாருங்கப்பா. பாத்துட்டும் வேண்டாம்னா சொல்லுங்க, அவனை இங்க வரச் சொல்லிடறேன். பாக்காம மட்டும் சொல்லாதீங்க" என்றாள். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் பேரம் பேசக் கூடாது என்று அவளுக்குப் பத்து வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தவன் நான். என் பாடத்தை என்னிடமே ஒப்பித்துவிட்டாள், என்ன செய்வது, கிளம்பினேன்.

சனிக்கிழமை மலையில் பனி இல்லை. கொஞ்சமாக இருந்தது என்று நினைக்காதே, புல் தெரிந்தது. இயந்திரம் வைத்து ஊதிய பனி நம் வீட்டு வாசல் பாதை அகலத்துக்கு ஒரே ஒரு கீற்று கிடந்தது, அதில் சறுக்க நானூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஆனாலும் கொடி ஏற்றினார்கள், பாட்டு வாசித்தார்கள், பருவம் தொடங்கியது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஜனங்கள் கை தட்டினார்கள். மன்னர் பிறக்காத தேதியில் அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற நாட்டில் பனி பெய்யாத மலையில் பனிவிழா நடப்பதில் ஆச்சரியம் இல்லைதான். நானும் முப்பத்தெட்டு வருஷமாக வியாபாரம் செய்கிறேன், இல்லாத சரக்குக்கு இத்தனை பேரைச் சந்தோஷமாக நிற்கவைக்க என்னால் முடிந்ததில்லை. அந்த ஊரின் மீது எனக்கு மரியாதை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறகு பிரான்வின் என்னை ஒரு ஜோடி வாடகைச் சறுக்குப் பலகைமேல் ஏற்றினாள். நாலு வயசுக் குழந்தைகள் வகுப்பில் விட்டார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி, "தாத்தா, வழியில விழுந்து கிடக்காதீங்க, ஓரமா விழுங்க" என்றாள். ஓரமாக விழுந்தேன். முழங்கால் சமாசாரம் இவ்வளவே.

ஞாயிறு விடியும்போது நிஜமான பனி கொட்டியிருந்தது. ஊரே மேலே போகக் கிளம்பியது. பாதி வழியில் அறிவிப்புப் பலகை வைத்து, நாலு சக்கரமும் இழுக்காத வண்டிகள் எல்லாம் ஒதுங்கி, வழுக்காமலிருக்க டயரைச் சுற்றிச் சங்கிலி மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பிரான்வினுடைய சின்ன வண்டியில் நாங்கள் மூவரும் போனோம். ரோரி சங்கிலியை எடுக்கக் குனிந்தான். "தள்ளு தம்பி, நான் டயர்க்காரன்" என்றேன். நாலரை நிமிஷம். பக்கத்து வண்டிக்காரரைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி மாட்டினேன். அவர் ஒரு பள்ளி ஆசிரியர், மனைவியோடு வந்தவர், சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு மீன்வலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அவர் வண்டிக்கும் நானே மாட்டிவிட்டேன். ரோரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு, "டெஸ், விரல் விறைச்சிருக்குமே. அங்க வண்டில சூடா இறைச்சி அடைச்ச அப்பம் விக்கிறாங்க. மூணு பேருக்கும் வாங்கிட்டு வர்றீங்களா?" என்றான். போனேன். நீண்ட வரிசை. திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தேன், வண்டி வழுக்காமல் மேலே ஏறியது, என் வேலையைப் பற்றி நானே இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டேன். பிரான்வின் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேலே வண்டி நிறுத்துமிடத்தில் அந்த ஆசிரியர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மாப்பிள்ளை தங்கமான பையன் சார். நீங்க பின் சக்கரத்துல மாட்டினதை, இது முன் சக்கரம் இழுக்கற வண்டின்னு சொல்லி, கழட்டி முன்னாடி மாட்டிக் குடுத்தாரு. ரெண்டு வண்டிக்கும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு" என்றார். சொல்ல வேண்டாம் என்றதையும் சேர்த்துச் சொல்கிற ரகம். குனிந்து பார்த்தேன். சங்கிலி முன் சக்கரத்தில் இருந்தது.

லோர்னா, எந்தச் சக்கரம் வண்டியை இழுக்கிறதோ அதில்தான் சங்கிலி மாட்டவேண்டும். பஞ்சர் ஒட்ட வருகிற பையனுக்குக்கூடத் தெரியும். என் பிக்கப் பின் சக்கரத்தால் போகிற வண்டி, இத்தனை வருஷமும் அதில் மாட்டிப் பழகிய கை தானாகப் பின்னால் போய்விட்டது. அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க ஒத்துக்கவா போறீங்க? வாய்ச்சண்டை முடியறதுக்குள்ள பாதையை மூடிருப்பாங்க. மாத்தறது சுலபம்."

"நாலரை நிமிஷத்துல மாட்டினேன் நான்."

"தெரியும். சுத்தமா மாட்டியிருந்தீங்க, அதான் கழட்டவும் லேசா இருந்துச்சு" என்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன்.

திங்கள்கிழமை திரும்பும்போது, கூமா ஊரைத் தாண்டியதும் பிரான்வினிடம் சொன்னேன். என் கடையில் ஒருத்தன் அடுத்தவன் தப்பைச் சத்தமில்லாமல் மூடி மறைத்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன் என்றேன். அவள் முன்னால் போன லாரியைத் தாண்டினாள். பிறகு, "அப்ப என்னை எப்பவோ அனுப்பியிருக்கணும்ப்பா. நாலு வருஷமா நீங்க முடிச்ச ஒவ்வொரு வண்டியையும் நான் ஒருதடவை இறுக்கிட்டுத்தான் வெளிய விடறேன்" என்றாள். கோபத்தில் வந்த பேச்சு. தோற்கப்போகிறவர்கள் இப்படித்தான் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார்கள். என் கையை எனக்குத் தெரியாதா? பதில் என்ன என்று கேட்டாள். கடைக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

என் பதில் வேண்டாம் என்பதுதான். பையன் கெட்டவன் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாதவனோடு என் பெண் எப்படிக் காலம் தள்ளுவாள்? கடைக்கும் அவள் வேண்டும். நான் சொன்னால் சுயநலம் என்பாள். அத்தை நீ சொன்னால் கேட்பாள். இது கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டுப் பேசு. மூன்று நாள் பார்த்தாகிவிட்டது, அவனையே கீழே வரச் சொல் என்று சொல்.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. உங்கள் இருவர் கால்களும் எப்போதும் சமதரையில் நடக்கட்டும் என்று வாழ்த்தும்,

அண்ணன்
டெஸ் பிக்கரிங்

பின்குறிப்பு, வியாழன்: தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. நேற்று ஒரு பால்காரர் வண்டிக்கு நாலு டயர் மாற்றிவிட்டு, டீ போடப் போவதாகச் சொல்லிப் பின்கதவுப் பக்கம் நின்றேன். பிரான்வின் வந்தாள். சுற்றும் பார்த்தாள். பெரிய ஸ்பேனரை எடுத்து என் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். இடது பின் சக்கரத்தில் இரண்டு நட்டு நன்றாகச் சுற்றின, லோர்னா. அரைச் சுற்று, முக்கால் சுற்று. அந்த வண்டியில் அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவள் ஸ்பேனரைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பால்காரரிடம், "அப்பா வேலைன்னா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றாள்.

என் கடையை இரண்டு வருஷமாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் டெமோரா ஊர் ஆளுக்கு இன்று காலை சரி சொல்லிவிட்டேன். மேலே எழுதியது எதையும் அவளிடம் பேசாதே. கல்யாணம் செப்டம்பரில், மலையிலேயே. தடித்த காலுறையோடு வா. கடையை ஏன் கொடுத்தேன் என்று அவள் கேட்டால், முழங்கால் என்று சொல். நான் பின்கதவில் நின்றது அவளுக்குத் தெரியவேண்டாம்.