சப்டைட்டில் அண்ணையும் செங்கவச இளவரசியும்

யப்பானில் பிறந்த ஒரு கொடுமைக்காரியை அச்சுவேலியில் இருந்துகொண்டு இவ்வளவு திட்டித் தீர்த்த மனிதர் உலகத்திலேயே சப்டைட்டில் அண்ணை ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்பது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

அப்போது நான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது, இதுவும் நிலைக்காது என்பது என் முடிவு. டி.வி. சூடேறி வெடித்துவிடுமோ, சனம் கூடினால் இருக்கிற வாங்கு முறிந்துவிடுமோ, கூடாவிட்டால் கடையைப் பூட்டவேண்டி வருமோ என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குக் கவலைதான்.

அண்ணை தினமும் பின்னேரம் வருவார். விளையாடமாட்டார். திரைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழே ஓடும் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லுவார். சொல்லுவார் என்பது குறைவு, நடிப்பார். ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடினால் அவர் வாயில் ஐந்து வரி வரும். மீதி நாலும் கைச்சரக்கு.

அவருக்குப் பரம எதிரி ஒரு யப்பான் விளையாட்டில் வரும் செங்கவச இளவரசி. சின்ன வயதில் எல்லை தாண்டிப் போனவள், தகப்பன் அரசன் சாகக் கிடந்தபோதும் வரவில்லை. பிறகு படையோடு வந்து மாளிகையைக் கொளுத்துகிறாள். கடைசிச் சண்டைக்கு முன்னால் தகப்பனின் சமாதியில் நின்று, “அவர் எனக்கு ஒன்றுமில்லை” என்கிறாள். ஆங்கிலத்தில் அவ்வளவுதான். அண்ணையின் தமிழில்:

“அப்பனாம் அப்பன். கிடந்தால் எனக்கென்ன, செத்தால் எனக்கென்ன. எனக்கு என்ரை சொகுசுதான் பெரிசு.”

“அண்ணை, உவ்வளவும் அதிலை எழுதியிருக்கே?” என்று கேட்டேன்.

“எழுதாட்டில் என்ன? உவளின்ரை மூஞ்சையைப் பார். தெரியுதெல்லே.”

அவள் பாவம் என்று ஒருமுறை சொன்னவரோடு அண்ணை பிறகு கதைக்கவே இல்லை.

ஆவணியில் ஒரு பாரிஸ் மாப்பிள்ளை வந்தார். கலியாணத்துக்கு வந்தவர். பொம்பிளை வீட்டில் சீலை எடுக்கும் அமளியில் அவரைத் தேடுவாரில்லாததால் எங்கள் கடையில் வந்து குந்திவிட்டார். விளையாட்டின் பேச்சையும் எழுத்தையும் பிரெஞ்சுக்கு மாற்றினார். சமாதிக் காட்சி வந்தது. அண்ணை வழக்கம்போலத் தொடங்க, மாப்பிள்ளை கையைக் காட்டி மறித்தார்.

“அண்ணை, இவ அப்பிடிச் சொல்லேல்லையே.”

“பின்னை?”

“எல்லையிலை மறிச்சுப் போட்டினமாம், வர விடேல்லையாம். இப்ப தகப்பனுக்கு முன்னாலை நிக்க முகமில்லை எண்டு சொல்லுறா.”

“அப்ப ஏன் மாளிகையைக் கொளுத்துறாள்?”

“மறிச்சவையிலை உள்ள கோவம்.”

கதிரையை இழுத்துவிட்டால் ஒருவர் எப்படி முழிப்பாரோ அப்படி முழித்தார் அண்ணை.

“உமக்குப் பிரெஞ்சு வடிவாத் தெரியாது காணும்.”

“நான் அங்கை பிறந்தனான் அண்ணை.”

“பிறந்தால் போதுமே?”

அன்று முழுக்க ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் மாற்றி மாற்றிப் போட வைத்தார். மெசின் எரியப்போகிறது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். “ரெண்டும் மொழிபெயர்ப்புத்தானேடா. உவள் உண்மையிலை என்ன சொன்னவள் எண்டு யப்பான்காரனுக்கெல்லோ தெரியும்,” என்றார். அச்சுவேலியில் யப்பான் பாஷை தெரிந்தவர் இல்லை. புத்தூரில் இல்லை. சாவகச்சேரி வரை போய் விசாரித்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் வந்தாலும் வாய் திறப்பதில்லை. இளவரசி பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருப்பாள், அண்ணை பாட்டுக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரஷரோ, சீனியோ, வாதமோ என்று நான் ஒவ்வொரு வருத்தமாக நினைத்துப் பயந்தேன். ஒருநாள் என் போனைக் கேட்டார்.

“பாரிசுக்கு எடுக்கவேணும். என்ரை நம்பரெண்டால் எடுக்கமாட்டா.”

“ஆர் அண்ணை?”

“அக்கா.”

தகப்பனின் செத்தவீட்டுக்கு வராத அந்த அக்காவைப் பற்றி அவருக்கு முன்னால் யாரும் கதைப்பதில்லை. அன்றையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஸ்பீக்கரில் போட்டார். வணக்கமுமில்லை, சுகமுமில்லை. போனை டி.வி.க்குக் கிட்டப் பிடித்து இளவரசியைப் பிரெஞ்சில் கதைக்க விட்டார்.

“ஆர் உது? பொலிசுக்குச் சொல்லுவன்,” என்றது போன்.

“அக்கா, நான்தான். உவள் என்ன சொல்லுறாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“இன்னொருக்காப் போடு.”

போட்டார்.

“ஓம். வர விடேல்லை எண்டுதான் சொல்லுறாள்.” பிறகு, “எனக்கும் அப்ப விசா இல்லையடா. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளை விடமாட்டாங்கள். மாமாவிட்டைச் சொல்லிவிட்டனானே.”

“உங்களுக்கு வர விருப்பமில்லையாம் எண்டுதான் மாமா சொன்னவர்.”

“செத்தவீட்டு வீடியோவையாவது அனுப்பு எண்டு கேட்டனான். எனக்கு அப்பாவைக் காட்டாத நீ, இப்ப உந்தப் பொம்மையைக் காட்டுறாய்.”

எங்கள் பக்கத்துச் செத்தவீட்டில் பாதிச் சனம் வெளிநாட்டில் இருந்துதான் அழும். அதற்காக ஐயருக்கு முதலே கமராக்காரன் வந்துவிடுவான். அக்கா மேலிருந்த கோபத்தில் அண்ணை அவனை வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பியவர்.

“வீடியோ இல்லை அக்கா. நான் எடுக்க விடேல்லை.”

அண்ணை கதிரையைத் திருப்பி, டி.வி.க்கு முதுகு காட்டி இருந்தார்.

“சொல்லுறன், கேளுங்கோ,” என்றார். “காலமை அப்பாவைக் குளிப்பாட்டி, பட்டு வேட்டி கட்டி, விறாந்தையிலை கிடத்தினது...”

யார் யார் வந்தார்கள், யார் எப்படி அழுதார்கள் என்று ஒவ்வொருவரின் குரலிலும் சொன்னார். அந்தச் செத்தவீட்டுக்கு நானும் போனவன். அடைமழை, சனம் குறைவு. அண்ணையின் வாயில் வாகனங்கள் சந்தி வரைக்கும் நின்றன.

“அப்பா கடைசியாய் என்ன சொன்னவர்?” என்று அக்கா கேட்டார்.

அண்ணை போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

“உங்களைத்தான் கேட்டவர். பிள்ளை குளிருக்குள்ளை என்ன பாடுபடுகுதோ, அதை மறிச்சு வச்சிருக்கிறவன் நல்லாயிருப்பானே எண்டு.”

கடைசி மாதம் முழுக்க அந்தத் தகப்பன் ஒரு சொல்லும் கதைக்காமல் கிடந்தவர் என்பது ஊருக்கே தெரியும். என் போனில் சார்ஜ் சிவப்புக்கு இறங்கியிருந்தது. மெல்ல வயரைச் செருகினேன். அது லூஸ், கையை எடுத்தால் கழன்றுவிடும். அண்ணை சொல்லி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.