மூன்று காலும் நாலாவது ஆளும்

முருங்கைக் கிளையைச் சுற்றியிருந்த ட்ரைபாட் மறுபடியும் தலையைத் தொங்கப் போட்டது. பாலசுந்தரம் ஓடிப்போய்க் கேமராவைத் தாங்கிப் பிடித்தான். அது ஆபீஸ் கேமரா. கீழே விழுந்தால், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவன் பார்க்கிற ஒப்பந்த வேலையும் கூடவே விழுந்துவிடும்.

ட்ரைபாட் பெரம்பலூரில் வாங்கியது. ஒரு முழ நீளம்கூட இல்லை. கோலிக்குண்டுகளைக் கோத்ததுபோல மூன்று கால்கள். எப்படி வளைத்தாலும் வளையும், எதைச் சுற்றினாலும் சுற்றிக்கொள்ளும். கடைக்காரர் அதைத் தன் மணிக்கட்டில் சுற்றிக் காட்டி, "மரத்துல மாட்டுங்க, கம்பியில மாட்டுங்க, ஆடாது சார்" என்று சொல்லியிருந்தார். சொந்த ஊரான குரும்பலூருக்கு வந்து சேர்ந்த பிறகு அது ஆடாமல் இருந்ததே இல்லை. பாலா அதைச் சரி செய்து, வேதாளத்தை முருங்கை மரத்தில் ஏற்றுவதுபோல மறுபடியும் ஏற்றினான்.

இத்தனை பாடும் ஒரு போட்டோவுக்காக. உடையார்பாளையத்துப் பூங்குழலியின் வீட்டார் மாப்பிள்ளையைக் குடும்பத்தோடு ஒரு படத்தில் பார்க்க வேண்டும் என்று தரகர் ராஜராஜனிடம் கேட்டிருந்தார்கள். பாலாவுக்கு வயது முப்பத்தைந்து. இதற்கு முன் வந்த இடங்களெல்லாம் ஏதோ ஒரு சாக்கில் கலைந்து போயின. பூங்குழலியை அவன் கல்லங்குறிச்சி கோயிலில் ஒரு தடவை பார்த்திருக்கிறான். அவள் தேங்காய் மூடியைப் பசுமாட்டுக்குக் கொடுத்துவிட்டு, கையை உதறியபடி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவதாக இருந்தான்.

ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடலாமே என்றால், தெருவுக்குத் தெரிந்துவிடும். தெருவுக்குத் தெரிந்த சம்பந்தம் தாலி வரைக்கும் வராது என்பது அவன் அம்மா பாப்பாத்தி கண்ட அனுபவம். அதனால்தான் தெருப்பக்கத்தை விட்டுவிட்டு, கொல்லையில் மக்காச்சோளக் காட்டுக்கு முன்னால் நின்று, தானாகவே படம் பிடிக்கிற ஏற்பாடு. காடும் பச்சையாகத் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியாது.

ஆனால் பாப்பாத்திக்கு இன்னொரு அனுபவமும் இருந்தது.

"மூணு பேரா நின்னு போட்டோ எடுத்தா நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆகாதுடா" என்றாள்.

வீட்டில் இருந்ததே மூன்று பேர்தான். அம்மா, பாலா, தங்கை சிந்து. மாப்பிள்ளை நடுவில் நிற்பதுதான் முறை என்று சிந்து சொன்னாள். பெற்றவள் நிற்பதுதான் மரியாதை என்று பாலா சொன்னான். கடைசியில் பசுமாட்டை நாலாவதாகச் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மாடு கேமராவுக்கு முதுகைக் காட்டியது. அதைத் திருப்பி நிறுத்தப் போன சிந்து, அது விட்ட உதையில் சாணத்தில் உட்கார்ந்தாள். மாட்டை அவிழ்த்துவிட்டு, வருவது வரட்டும் என்று மூன்று பேருமே நின்றார்கள்.

கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்கியது. கிளிக் என்றது.

படத்தைப் பார்க்கப் போன சிந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, பின்னாடி யாரு?"

படத்தில் நாலு பேர் இருந்தார்கள். சோளக்காட்டுக்குள், ஆள் உயரத் தட்டைகளுக்கு நடுவே, வெள்ளை வேட்டியும் நரைத்த தலையுமாக ஒருவர் நின்றார். முகத்தைத் தோகை மறைத்திருந்தது.

பாலா திரும்பிப் பார்த்தான். காட்டில் யாரும் இல்லை. காற்றும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தோகைகள் உரசிக்கொண்டிருந்தன, பிறகு அவையும் அடங்கின. வீட்டு நாய் மணி வரப்போரம் உட்கார்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. தபால்காரர், பால்காரர், சொந்த அத்தை என்று யாரையும் விட்டுவைக்காமல் குரைக்கிற நாய் அது. இப்போது சத்தமே இல்லாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பாப்பாத்தி படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "உங்கப்பாடா" என்றாள். பயந்த குரலில் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவரை அடையாளம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தவரை அவருக்குப் போட்டோ என்றாலே ஆகாது. கேமராவைக் கண்டால் பேச்சை நிறுத்தாமலே பக்கவாட்டில் நகர்ந்துவிடுவார். வேறு வழியில்லாமல் வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். அது யார் முகம் என்று வீட்டாருக்கே சந்தேகம்தான். சோளக்காட்டில் தெரிந்த வெள்ளை உருவம் அதைவிட அவர் சாயலில் இருந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பாப்பாத்தி கருவாட்டுக் குழம்பு வைத்தால் முதல் வாயிலேயே, "ஒரு கல்லு உப்பு கம்மி" என்பார். உப்பைக் கூட்டிப் போட்டாலும் அதே பேச்சுதான். வெளியாள் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. அது புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த வழக்கு. அதற்காகவே அவள் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டாள். குறை சொல்ல ஆளில்லாமல் போனதும் கருவாட்டுக் குழம்பு வைப்பதையே விட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பாலா ட்ரைபாட்டைச் சமையலறை ஜன்னல் கம்பியில் சுற்றினான். இடத்தை மாற்றினால் கோளாறு தீரும் என்பது அவன் கணக்கு. தீரவில்லை. அந்த வெள்ளை வேட்டிக்காரர் இந்தப் படத்தில் இன்னும் கிட்டே வந்து, மோட்டார் கொட்டகை ஓரமாக நின்றார். படத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்தால் கொட்டகை ஓரம் வெறுமையாகக் கிடந்தது. மணி அங்கேயும் போய் வாலை ஆட்டியது. சிந்து அதற்குப் பிறகு கொல்லைப் பக்கம் தனியாகப் போகவில்லை. பாலாவும்தான் போகவில்லை, ஆனால் அதற்கு வேறு காரணம் சொன்னான்.

"எல்லாம் அந்த மூணுகாலு பண்ற வேலை" என்றாள் பாப்பாத்தி. மூன்று பேரை மூன்று காலால் எடுத்தால் எப்படி விளங்கும் என்று கேட்டுவிட்டு, பாலா தடுக்கத் தடுக்க, ஒரு சோளத்தட்டையை ஒடித்துச் சணலால் கட்டி ட்ரைபாட்டுக்கு நாலாவது கால் வைத்தாள்.

அந்தக் கால் வந்ததும் மற்ற மூன்றும் வேலையை விட்டன. கேமரா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படத்தில் குடும்பம் முழுக்க வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்துக்குச் சற்றுப் பின்னால், வரப்பின்மேல், அவர் நின்றார். இந்தத் தடவையும் முகம் தெரியவில்லை. பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல அந்தக் காலி இடத்தின் பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தார்.

இதுவரைக்கும் கேமரா கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்த பாலா, அன்றைக்குக் கேமராவைத் துண்டால் மூடி வைத்தான்.

ஏதோ மனக்குறையோடு சுற்றுகிறார், படைத்துவிட்டால் போய்விடுவார் என்றாள் பாப்பாத்தி. மறுநாள் பொழுது சாய்வதற்குள் சோறு வடித்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு கருவாட்டுக் குழம்பு வைத்து, வரப்பில் தலைவாழை இலை போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். காட்டைப் பார்த்துக் கும்பிட்டு, காது கேட்காமல் போய்விட்ட மனுஷனிடம் பேசுகிற சத்தத்தில் பேச ஆரம்பித்தாள்.

"இந்தாங்க, ஊருக்குத்தான் பொய் சொன்னோம், உங்ககிட்ட எதுக்கு? பையனுக்கு வயசுல மூணைக் குறைச்சுச் சொல்லியிருக்கோம். வேலை நெரந்தரம்னு சொன்னோம், அது கான்ட்ராக்ட்டுதான். போர்வெல்லுல ஒரு மணி நேரம் மோட்டார் ஓடுனா தண்ணி நின்னுடுது. தலைக்கு மை அடிக்கிறான். ஆனா மனசு தங்கம்ங்க. அந்தப் புள்ளைய நெனச்சு ராத்திரியில தூங்க மாட்டேங்கிறான். நீங்கதான் முன்னாடி நின்னு முடிச்சு வைக்கணும்."

சமையலறைக்குள் நின்ற பாலாவுக்கு மானம் போயிற்று. கேட்டது செத்தவர் ஒருவர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சற்றுப் பொறுத்து, பாலா ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் சிந்துவுமாக வரப்புக்குப் போனான்.

இலை காலியாக இருந்தது. நாய் தின்ற இலை கிழிந்திருக்கும். காக்கை கொத்திய இலையைச் சுற்றிச் சோறு சிதறியிருக்கும். இந்த இலை, விருந்து திருப்தியாக இருந்தது என்று சொல்வதுபோல, சாப்பிட்டவர் பக்கமாக ஒழுங்காக மடித்து மூடியிருந்தது.

சிந்து அழுதாள். பாலா ட்ரைபாட்டைச் சுருட்டிப் பரணில் போட்டு, அதன்மேல் ஒரு கொத்து வேப்பிலையும் வைத்தான்.

தரகர் விடுவதாக இல்லை. போட்டோ எங்கே, போட்டோ எங்கே என்று போனில் குடைந்தார். கடைசியில் எடுத்த படத்தில் அந்த ஆளை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பலாம் என்றான் பாலா. பாப்பாத்தி குறுக்கே விழுந்து மறித்தாள்.

"அவரை வெட்டினா மூணு பேரா போயிடுவோம். அவரு இருந்தாத்தான் நாலு."

படம் முழுசாகவே உடையார்பாளையம் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு தரகரிடமிருந்து சத்தமே இல்லை. பாலா தினமும் வேலைக்குப் போய், கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தான். பேய் இருக்கிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? செத்தும் அப்பா போட்டோவில் சரியாக நிற்கக் கற்றுக்கொள்ளவில்லையே என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. கோபத்துக்குப் பின்னால் அழுகையும் வந்தது. அந்த மனுஷன் இருந்திருந்தால் இந்தச் சம்பந்தத்தைத் தன் பேச்சாலேயே முடித்திருப்பார்.

அந்த வாரக் கடைசியில் தரகர் போன் செய்தார். பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்களாம். போட்டோவைப் பற்றி நேரில் பேச வேண்டுமாம். பாலா தலைக்கு மை அடிக்காமலே காத்திருந்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெண்ணின் அப்பா, அம்மா, அவர்களுக்குப் பின்னால் தாய்மாமன் பூமாலை என்று வேனிலிருந்து இறங்கினார்கள். பூமாலைக்கு நரைத்த தலை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. அவரைக் கண்டதும் மணி சங்கிலியை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. அது குரைத்த குரைப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

பூமாலை எல்லோரையும் கும்பிட்டுவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனார். வரப்பில் நின்று கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். எல்லோரும் அவர் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"மன்னிச்சுக்குங்க. போட்டோவுல நிக்கிறது நான்தான்" என்றார்.

பெண் கொடுக்கிறவர்கள் சொல்லாமல் வந்து விசாரிப்பது வழக்கம்தானே. தரகர் சொன்னதில் பாதி பொய் என்று அவருக்குத் தெரியும், எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. போர்வெல்லில் நிஜமாகவே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்காகப் பெரம்பலூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, சாயங்காலமானால் சோளக்காட்டுக்குள் நுழைந்து நின்றிருக்கிறார். கேமரா இருப்பது அவர் கண்ணில் படவில்லை. கிளையோடு கிளையாக அத்தனை சின்னதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டார்கள்? போட்டோ போனதும் வீட்டில் எல்லோரும் முதலில் கண்டுபிடித்தது மாப்பிள்ளையை இல்லை, மாமாவைத்தானாம். பூங்குழலி இன்னும் சிரித்து முடிக்கவில்லையாம்.

"வயசு, வேலை, தண்ணி எல்லாத்தையும் உங்க வாயாலேயே கேட்டுட்டேன்" என்றார். "செத்தவருகிட்டகூட மறைக்காத வூடு. தாராளமா பொண்ணு கொடுக்கலாம்னு நான்தான் போயிச் சொன்னேன்."

பாலாவுக்கு உடம்பிலிருந்து ஏதோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. சிந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஓடிப்போய்ப் பரணிலிருந்து ட்ரைபாட்டை எடுத்து, ஒட்டியிருந்த வேப்பிலையைத் தட்டிவிட்டு, எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்க முருங்கைக் கிளையில் சுற்ற ஆரம்பித்தாள்.

பாப்பாத்தி மட்டும் சிரிக்கவில்லை. மகன் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சோளக்காட்டில் வந்து நின்றது அவர் இல்லை. அவர் இன்னொரு தடவை செத்துப்போன மாதிரி அவளுக்கு இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்தவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"அன்னிக்கு இலையில வச்சதைச் சாப்பிட்டதும் நீங்கதானுங்களா? கொழம்பு எப்படி இருந்துச்சு?"

பூமாலை காட்டுப் பக்கம் யாரையோ தேடுவதுபோல ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு அருமையாத்தான் இருந்துச்சு சம்மந்தியம்மா. தினமும் என் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டிருந்தாரே உங்க வூட்டுப் பெரியவரு, வாங்க சாப்பிடலாம்னு என்னை உக்கார வச்சவரு, அவருதான் ஒரு வாய் வச்சுட்டு, ஒரு கல்லு உப்பு கம்மின்னாரு."