பதினொரு பேர் குடும்பமும் ஒரு மஞ்சள் தொப்பியும்

நியூயார்க் பிராங்ஸில் வாழும் பெருமதிப்பிற்குரிய எலிஜியோ மாமா அவர்களுக்கு,

முதலில் உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பண்ணிட்டீங்கன்னு எடுத்துக்கிட்டு மேலே எழுதுகிறேன். சான் கிறிஸ்டோபலில் நான், அம்மா, கோழிகள் எல்லோரும் நலம். உங்கள் அண்ணன் மகளும் என் மனைவியுமான யானெல்சி அங்கே உங்கள் பார்வையில் இருப்பதால் அவளும் நலமாகத்தான் இருப்பாள். போன பேஸ்பால் சீசனில் நீங்கள் என்னை வாட்ஸப்பில் பிளாக் செய்துவிட்டதால், காகிதத்தில் எழுதி, நாளை விமானம் ஏறும் மிரேயா அக்காவிடம் நாலு பவுண்டு சீஸோடு கொடுத்தனுப்புகிறேன். சீஸ் உங்களுக்குத்தான்.

விஷயம் சின்னதுதான் மாமா. கவலையே படாதீங்க, எல்லாம் என் கையில் இருக்கிறது. விசா பற்றி நூற்று நாற்பது வீடியோ பார்த்திருக்கிறேன். தெருவில் என்னை இப்போது 'வக்கீலு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னை அழைத்துக்கொள்ள யானெல்சி அங்கே ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். 'என் சம்பளத்தில் இவனைப் பார்த்துக்கொள்வேன், அரசாங்கத்திடம் கையேந்த விடமாட்டேன்' என்று உறுதிமொழி. குடும்பத்தில் எத்தனை பேரோ, அதற்கேற்ற சம்பளம் இருக்க வேண்டும். "நீயும் நானும்னு ரெண்டு போடவா?" என்று போனில் கேட்டாள். நான் விடுவேனா? "என்னடி இது, அனாதைங்க மாதிரி? பெரிய குடும்பம்னு தெரிஞ்சாத்தான் மரியாதை. உன் பானையில யாரெல்லாம் சாப்பிடறாங்களோ எல்லாரையும் போடு"ன்னேன். போட்டுட்டா. நாங்க ரெண்டு பேரு, சோபாவுல தூங்குற மாமன் மகன், மாடி வீட்டு அம்மா, அவங்க மூணு பிள்ளைங்க, இவளோட ஞானத்தாய், ஞானத்தாயோட புருஷன், ஞாயித்துக்கிழமை சான்கோச்சோ குழம்பு வாசனை புடிச்சு வர்ற முடிவெட்டுற தம்பி, கடைசியா... கோவிச்சுக்காதீங்க மாமா... நீங்க.

ஆகப் பதினொன்று. பதினொரு பேருக்கு இந்தச் சம்பளம் பத்தாதுன்னு பாரம் திரும்பி வந்துடுச்சு. இனி கூட ஒருத்தர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். யானெல்சிக்கு மார்ச்சில் பிரசவம். நான் பக்கத்துல இல்லாம பிள்ளை பொறந்து, என் மூஞ்சியைப் போன்லயே பாத்துப் பாத்துச் சலிச்சுப்போனா, அதுவும் என்னை பிளாக் பண்ணிடும் மாமா.

அந்தக் கையெழுத்துக்கு உங்கள் பெயரைச் சொன்னதுமே யானெல்சி சிரித்தாள். "அவரா? அவரு டீமைக் கிண்டலடிச்சு நீ போட்ட மீம்ஸை எல்லாம் சேத்து வெச்சிருக்காரு. 'பத்து வருஷம் அந்த நீல டீம் குரங்குக்கு நான் பொறுப்பா? நீ அவனை விவாகரத்தே பண்ணாலும் என் தலையிலதானே விழும்?'னு கேப்பாரு" என்றாள். உண்மைதான், கையெழுத்து அவ்வளவு கெட்டி. வீடியோ எழுபத்தெட்டில் சொல்கிறார்கள். ஆனா விவாகரத்துக்கு வாய்ப்பே இல்ல. சண்டை யாரு ஆரம்பிச்சாலும் நான்தான் மன்னிப்பு கேக்கறேன், எங்கம்மா சாட்சி. மீம்ஸ் விஷயம்: உங்க மஞ்சள் அணிக் கழுகை உரிச்ச கோழியா வரைஞ்சது நானில்ல, என் வயசு. இன்று முதல் மனதார அறிவிக்கிறேன், மஞ்சளைப் போல ஒரு அணி இந்தத் தீவில் கிடையாது. என் நீல ஜெர்சியைத் தலகாணிக்குள்ள வெச்சுத் தெச்சாச்சு. பிள்ளையின் முதல் தொப்பி மஞ்சள்தான். சீஸ் பொட்டலத்திலேயே இருக்கிறது, பாருங்கள்.

உங்கள் முட்டிவலி குறைந்து, பேனாவில் மை நிறைந்து, அத்தையோடு நூறு சீசன் பார்க்க வேண்டுகிறேன்.

உங்கள் அன்பு மருமகன்,
வில்கின்

பி.கு.: இப்போதுதான் யானெல்சி கூப்பிட்டாள். நேற்று சாப்பிட வந்த இடத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நான் இவ சோத்துல வளர்றவனா?" என்று கத்தி, உங்கள் பெயரில் தொடங்கி ஒன்பது பெயரையும் பேனாவால் கோடு போட்டு அடித்துவிட்டீர்களாமே! ரெண்டு பேருக்கு அவள் சம்பளமே தாராளமாம். அப்புறமும் உங்கள் கையெழுத்தைப் போட்டுச் சம்பளச் சீட்டையும் கொடுத்து, "எதுக்கும் இருக்கட்டும். அவன் சீக்கிரம் வரட்டும், பைனல்ல அவன் அழறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்றீர்களாம். ஆகவே மஞ்சள் அணி பற்றி மேலே எழுதிய அத்தனையும் வாபஸ். தலகாணியைப் பிரிக்க அம்மா கத்தரிக்கோல் தேடுறாங்க. தொப்பி மட்டும் மஞ்சளாவே இருக்கட்டும் மாமா.