விலத்தண்ணையின் ஸ்கொட்லாந்து

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் கமெரா வைத்திருந்த தமிழர்களில், மனிதரைப் படமெடுக்க மறுத்தவர் ஒருவர்தான். "விலத்துங்கோ, விலத்துங்கோ!" என்று கத்தி எல்லாரையும் படத்திலிருந்து விரட்டுவதால், ஸ்காபரோவில் எங்கள் மாடிக் கட்டடமே அவரை விலத்தண்ணை என்றது. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கு நினைவிருந்திருக்கலாம்.

நாங்களெல்லாம் படமெடுத்ததே ஊருக்கு அனுப்பத்தான். நயாகராவுக்கு முன்னால் புதுக் கோட்டோடு நிற்போம். விலத்தண்ணை அனுப்பிய படத்தில் நயாகரா மட்டும் இருந்தது.

"மோனே, நீ உயிரோடை இருக்கிறியோ?" என்று தாயார் எழுதிக் கேட்டார்.

"செத்தவன் எப்பிடியம்மா படம் எடுக்கிறது?" என்று இவர் பதில் போட்டார்.

ஒரு பிஸ்கற் தகரப் பேணியின் மூடியில் ஸ்கொட்லாந்துக் கிராமம் ஒன்றைக் கண்ட நாளிலிருந்து அவருக்குப் பித்து. அகதி வழக்கு முடியாதவர் அங்கே போவதெப்படி? பிறம்ரன் நகரைத் தாண்டி ஒரு மணித்தியாலம் ஓடி, ஸ்கொட்லாந்துக்காரர் குடியேறிக் கட்டிய ஊரொன்றைக் கண்டுபிடித்தார். கல் ஆலை, கல் தேவாலயம், ஆழப் பள்ளத்தில் ஆறு, அதன்மேல் ஒரு சின்னப் பாலம்.

"அவங்கள் ஊரையே கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்திட்டாங்கள், தங்கச்சி. நாங்கள் ஒரு சூட்கேஸ்தானே கொண்டுவந்தம்," என்றார் என்னிடம்.

ஓர் இலையுதிர்கால ஞாயிறு, என்னையும் என் ஆறு வயது மகளையும் அங்கே கூட்டிப்போனார். பள்ளத்தின் இக்கரையில் கமெரா முக்காலியை நட்டு, அக்கரை ஆலையைக் குறிவைத்தார். இரண்டு மணித்தியாலம் வெயிலுக்குக் காத்திருந்தார். நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரை "விலத்துங்கோ!" என்றார். தமிழ் தெரியாமலே அவர் விலகினார். மேகத்தையும் விலத்தச் சொன்னார். அது கேட்கவில்லை.

நான் பிளாஸ்கில் இருந்த தேநீரை ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். மகளைக் காணவில்லை.

கூப்பிட்டேன். பள்ளம் அவளுடைய பெயரை எனக்கே திருப்பித் தந்தது. கால் போனபடி தேவாலயப் பக்கம் ஓடினேன். அது பிழையான பக்கம்.

"விலத்..." என்று பின்னால் ஒரு சத்தம் பாதியில் நின்றது.

அவருடைய படத்துக்குள் ஒரு சிவப்பு வந்திருந்தது. அக்கரையில், ஆலைச் சுவருக்கு அப்பால், பள்ளத்தின் விளிம்பில். அங்கே இருந்த கல் ஒவ்வொன்றும் மனப்பாடமானவர், அது கல்லில்லை என்று கண்டதும் ஓடினார். விலத்தண்ணை ஓடி அன்றுதான் பார்த்தேன். முக்காலி காலில் இடறி, கமெரா ஆற்றுக்குள் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது, அவர் நிலத்தில் இருந்தபடி மகளின் சிவப்புக் கோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஐ வாஸ் ஜஸ்ட் லுக்கிங், அம்மா," என்றாள் அவள்.

"என்ரை படத்துக்குள்ளை வந்திட்டாள், தங்கச்சி," என்று மூச்சு வாங்கினார்.

"அண்ணை, உங்கடை கமெரா..."

"உது கிடக்கட்டும். பிள்ளையைப் பிடியுங்கோ. நீங்கள் பிடிச்சால்தான் நான் விடுவன்."

இன்றைக்கும் உயரமான இடத்தில் நின்றால், வளர்ந்த மகளின் கோட்டைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் கோபிக்கிறாள்.

கமெரா போன அடுத்த வருடம், விலத்தண்ணை யாரோ பாவித்த கமெராவோடு கதவைத் தட்டினார். "பிள்ளைக்கு அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டுவிடுங்கோ."

கோட்டுக்கை முழங்கைவரை ஏறியிருந்தது. அதே ஊரில், விளிம்புக்கு எட்டாத் தூரத்தில் அவளை நிறுத்தினார். வெயிலுக்குக் காத்திருக்கவில்லை. யாரையும் விலத்தச் சொல்லவுமில்லை.

அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆலை மங்கல், தேவாலயம் மங்கல், ஆறும் மங்கல். தெளிவாக இருப்பது அவள் மட்டும்தான்.