பேய்மிரட்டிக்குத் தடை

தீர்த்தகிரி போர்க்கொடி தூக்கிவிட்டார். கொடி என்பது பேச்சுக்கு. கையில் இருந்தது ஈரச் சாக்கில் சுற்றிய செடிகள்.

பேய்மிரட்டி. பென்னாகரத்துக் கரடுகளில் ஒருகாலத்தில் தானாக முளைத்துக் கிடந்தது. இப்போது தேடினாலும் அகப்படாது என்று பக்கத்து வீட்டு சின்னராஜ் கொண்டுவந்து கொடுத்தான். தடித்த, மெத்தென்ற இலை. கசக்கினால் துளசியும் கற்பூரமும் கலந்த வாசம்.

"நல்ல வெயில் வேணும்ணே. தண்ணி நின்னா வேரு அழுவிடும்."

வாசலிலேயே மனைவி நிர்மலா மறித்தாள்.

"என்னங்க அது, மூக்கத் தொளைக்குது?"

"பேய்மிரட்டி."

"யாரை மெரட்ட? என் வூட்டுல செடி கிடியெல்லாம் ஆவாதுங்க."

"உன் வூடா? பட்டா யார் பேர்ல இருக்குது?"

"பட்டா எங்க இருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அதற்காகப் பின்வாங்க முடியுமா? இந்த வீட்டில் ஒரே ஒரு காரியம் தன் இஷ்டப்படி நடந்தாக வேண்டும்.

"பின்னாடிதான் வெயில் அடிக்குது. அங்க நடப்போறேன்."

"ஐயையோ, வேண்டாங்க! அங்க கெடக்கிற செங்கல்லு ஜல்லியில கைய வெச்சிராதீங்க. கெடந்தா கெடந்துட்டுப் போவுது."

வீடு கட்டி மிஞ்சிய இடிசல் பின்புறம் குன்றாகக் கிடந்தது. அதை அள்ளச் சொல்லி அவள் கேட்கும்போதெல்லாம் அவர் "சரி" என்பார். அந்தச் சரிக்குப் பிறகு எதுவும் நடந்ததில்லை. இன்று அவளே வேண்டாம் என்கிறாள்!

வேட்டியை மடித்துக் கட்டினார். செங்கல்லைச் சுமந்தார். முள்ளை வெட்டினார். தண்ணீர் நிற்காதபடி ஜல்லியும் மணலும் கொட்டி மேடு கட்டினார். நிர்மலா ஜன்னலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஒரு அடி அடித்தால் இவர் இன்னொரு கூடை அள்ளினார்.

சாயங்காலம் செடிகள் நிமிர்ந்து நின்றன. அவர்தான் நிமிர முடியவில்லை.

"தைரியம் இருந்தா புடுங்கிப் பாரு!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். ஜன்னலில் ஆள் இல்லை. ஜெயித்தாயிற்று.

முகம் கழுவப் போனவரின் காதில் மதிலோரப் பேச்சு விழுந்தது.

"சொன்னபடி செடி கொண்டாந்து குடுத்தியே சின்னராஜு, நல்லாயிருப்ப."

"அண்ணன் ஒரே நாள்ல சுத்தம் பண்ணிட்டாரேக்கா!"

"செய்யுங்கன்னா சரிம்பாரு. செய்யாதீங்கன்னாத்தான் செய்வாரு."

தீர்த்தகிரி ஈர முகத்தோடு பாய்ந்தார். "அத்தனையும் இப்பவே புடுங்கி எறியறேன் பாரு!"

"சரிங்க" என்றாள் நிர்மலா.

செடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவள் சரி என்ற பிறகு பிடுங்கினால் அவள் பேச்சைக் கேட்டதாக அல்லவா ஆகும்? முடியாது. ஒரு இலையைக்கூடத் தொட முடியாது. கையை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேங்க" என்றாள் அவள், வீட்டுக்குள் போனபடி. "நாளைக்கு லீவுன்னு பின்னாடி செவுத்துக்கு வெள்ளை மட்டும் அடிச்சிராதீங்க."

அடித்தாலும் அவள் ஜெயிப்பாள். அடிக்காவிட்டாலும் ஜெயிப்பாள். விடிய விடியப் புரண்டவர், ஆனது ஆகட்டும் என்று எழுந்து பிரஷ்ஷைத் தேடினார்.

சுண்ணாம்பை அவள் முந்தாநாளே ஊறப்போட்டிருந்தாள்.